பயிற்சி நாளுக்கும் அடுத்த பயிற்சி நாளுக்கும் இடையில்

கேள்வி: ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியொன்றில் துணைத் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆசிரியர்களும் பிற பணியாளர்களுமாக ஏறத்தாழ எழுபது பேர் இருக்கிறோம். ஆண்டுக்கு ஐந்து நாட்களை நிர்வாகம் பயிற்சிக்கென ஒதுக்குகிறது. சென்ற ஆண்டு அந்த ஐந்து நாட்களிலும் ஐந்து வல்லுநர்கள் வந்து ஐந்து தலைப்புகளில் பேசினார்கள். கருத்துப் படிவங்களில் எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளது’ என்றே எழுதினார்கள். ஆனால் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மூத்த ஆசிரியர்கள் சிலர் பயிற்சி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். வரும் ஆண்டுக்கான திட்டத்தை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பள்ளியில் உள்ள அனைவருக்கும் பொருந்தும்படி எப்படித் திட்டமிடுவது? அது பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? முதல் பயிற்சி நாளுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றிப் பேச ஒருவரை நிர்வாகம் ஏற்கெனவே அழைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதில்: அன்புள்ள துணைத் தலைமையாசிரியருக்கு, வணக்கம்.

வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதத் தோன்றுகிறது. பல பள்ளிகளில் கருத்துப் படிவத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நீங்கள் அதற்கு அப்பால் சென்று பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததை மறைக்காமல் எழுதியும் இருக்கிறீர்கள்.

பேச வந்த வல்லுநர்கள் மீதோ, கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர்கள் மீதோ குறையைத் தேட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை திட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. ஐந்து நாட்களுக்கு ஐந்து தலைப்புகள் என்று வகுக்கப்பட்ட ஒரு திட்டம், ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே உள்ள இரண்டு மாதங்களில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாற்றம் நிகழ வேண்டிய இடமோ அந்த இரண்டு மாதங்கள்தான். ஆகவே உங்கள் திட்டத்தின் மையம் பயிற்சி நாட்களாக இருக்கக் கூடாது, அவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களாக இருக்க வேண்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த ஒன்றை நடைமுறைப்படுத்துவதற்கான வழிகளே.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980ஆம் ஆண்டிலேயே, ஆசிரியர் பயிற்சி பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒரு பயிற்சிக்கு ஐந்து கூறுகள் வேண்டும் என்று எழுதினார்கள்: கருத்தை விளக்குவது, செய்து காட்டுவது, செய்து பழக வைப்பது, பழகும்போது பின்னூட்டம் தருவது, பிறகு வகுப்பறையில் அதைப் பயன்படுத்தும் காலத்தில் உடனிருந்து வழிகாட்டுவது. விளக்கத்தால் அறிவு கூடும். அந்த அறிவு அன்றாடக் கற்பித்தலுக்குள் இறங்குவதற்குக் கடைசியாகச் சொன்ன கூறுகளே பெரிதும் துணைநிற்கின்றன. உங்கள் சென்ற ஆண்டுத் திட்டத்தில் முதலாவது நன்றாக நடந்திருக்கிறது. இரண்டாவது ஓரளவு நடந்திருக்கலாம். மற்ற மூன்றுக்கும் இடமே இல்லை.

ஏன் அப்படி என்று சற்று நின்று யோசிப்பது நல்லது, ஏனெனில் காரணம் புரிந்தால் திட்டத்தின் பாதி தானே உருவாகிவிடும். வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒரே நேரத்தில் பாடப்பொருளையும், கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களையும், கரும்பலகையையும், மீதமுள்ள நிமிடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நெருக்கடியில் அவர் செய்வதில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகப் படிந்த பழக்கம். புதிதாகக் கேட்ட ஒன்று எவ்வளவு சரியென்று மனத்துக்குப் பட்டாலும், அதே வகுப்பில், அதே நெருக்கடியில், பலமுறை செய்து பார்க்கும்வரை பழைய பழக்கமே முந்திக்கொள்ளும். இது சோம்பலும் அன்று, எதிர்ப்பும் அன்று.

ஒரு சான்று சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். அந்த நேரத்தை மூன்று வினாடிகள் அல்லது அதற்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. பதிலே வராத கேள்விகள் குறைந்தன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இந்தச் செய்தி ஆசிரியர் கல்வியில் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. உங்கள் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நாளை காலை எந்த வகுப்பின் வாசலிலாவது நின்று கவனியுங்கள்: எத்தனை பேர் மூன்று வினாடி காத்திருக்கிறார்கள்? அறிந்திருப்பதற்கும் செய்வதற்கும் உள்ள இந்தத் தொலைவைக் கடக்க வைப்பதுதான் உங்கள் திட்டத்தின் வேலை. இன்னும் அதிகமாக அறியவைப்பது அதன் வேலை அன்று.

ஆகவே முதல் முடிவு, தலைப்புகளைக் குறைப்பது. ஓராண்டுக்கு ஒன்று. மிஞ்சினால் இரண்டு. நிர்வாகத்துக்கு இது சிக்கனமாகத் தோன்றும், சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். நீங்கள் உறுதியாக நிற்க வேண்டிய இடம் இது.

அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? ‘உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்’ என்று ஆசிரியர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுபது பேரிடமிருந்து நாற்பது விருப்பங்கள் வரும். அவற்றை எண்ணிப் பார்த்து அதிக வாக்கு பெற்றதை எடுத்தால், அது பிள்ளைகளின் தேவையாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் வேலையிலிருந்து தொடங்குங்கள். வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நோட்டுப் புத்தகங்களை, நன்றாகப் படிப்பவர்களுடையதை மட்டும் பொறுக்காமல், வருகைப் பதிவேட்டில் குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களைத் தேர்ந்தெடுத்துத் திரட்டுங்கள். பாட ஒருங்கிணைப்பாளர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, தம் பாடத்தை மட்டுமன்றிப் பிற பாட நோட்டுகளையும் புரட்டச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஏதோ ஒன்று எல்லாப் பாட நோட்டுகளிலும் திரும்பத் திரும்பத் தென்படும். ஒரு சொல் விடை சரியாக இருக்கிறது, ஆனால் ‘ஏன்’ என்று கேட்ட இடத்தில் புத்தக வரியே அப்படியே எழுதப்பட்டிருக்கிறது என்பதாக அது இருக்கலாம். கணக்கில் விடை உண்டு, வழிமுறை இல்லை. வரலாற்றில் ஆண்டு உண்டு, காரணம் இல்லை. மொழிப்பாடத்தில் பொருள் உண்டு, அப்படிக் கொள்வதற்கான சான்று இல்லை. இப்படி ஒரு குறை கண்டுகொள்ளப்பட்டால், அது யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த தலைப்பாக இல்லாமல் உங்கள் பள்ளியின் கேள்வியாகிவிடுகிறது. அந்த மேசையில் இருந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

அடுத்து, அந்தக் குறையை ஆசிரியர் செய்யக்கூடிய ஒரு செயலாகச் சுருக்க வேண்டும். ‘உயர்நிலைச் சிந்தனையை வளர்த்தல்’ என்று எழுதிவைத்தால் திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ‘ஒவ்வொரு பாடவேளையிலும் ஒரு ஏன்-கேள்வியை முன்கூட்டியே எழுதிவைத்துக் கேட்பது, கேட்டபின் காத்திருப்பது, எல்லாப் பிள்ளைகளும் தம் பதிலை ஒரு வரியில் எழுதிய பிறகே ஒருவரைப் பேசச் சொல்வது’ என்று எழுதினால், செய்தோமா இல்லையா என்பது செய்தவருக்கே தெரியும். வந்து பார்ப்பவருக்கும் தெரியும். இப்படிச் சுருக்குவது ஆசிரியரின் சுதந்திரத்தைக் குறைப்பதாகச் சிலர் சொல்வார்கள். எந்தக் கேள்வி, பாடத்தின் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எழுதும் பதிலை என்ன செய்வது ஆகிய எல்லாமே அவரவர் கையில்தான் இருக்கின்றன. தொடக்க வகுப்பில் எழுதுவதற்குப் பதில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லவைக்கலாம். உடற்கல்வி ஆசிரியர் ஓர் அசைவைச் செய்துகாட்டுவதற்கு முன், கால் எங்கே ஊன்றினால் பந்து தொலைவு போகும், ஏன் என்று கேட்கலாம். பொதுவான ஒன்று பாடத்துக்குப் பாடம் வேறு உருவம் எடுக்கிறது. அந்த உருவத்தைக் கொடுக்கும் உரிமை பாடக் குழுக்களுக்கு இருக்க வேண்டும், ஏனெனில் வேதியியலில் நல்ல ஏன்-கேள்வி எது என்பதை வேதியியல் ஆசிரியர்கள்தாம் சொல்ல முடியும்.

இனிக் காலம். ஐந்து முழு நாட்களை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டை மட்டும் முழு நாட்களாக வைத்து, மற்ற மூன்றை உடைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் மூன்று நாட்களில் பதினெட்டு மணி நேரம் கிடைக்கும். அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரக் கூட்டமாக முப்பத்தாறு வாரங்களுக்கு வரும். தேர்வு வாரங்களைக் கழித்துவிட்டால் சில மணி நேரம் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தைப் பாட ஒருங்கிணைப்பாளர்களின் தயாரிப்புக்குக் கொடுங்கள். அந்த நாட்களில் பள்ளி ஒரு மணி நேரம் முன்னதாக முடியும் என்பதைப் பெற்றோருக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே தேதிகளோடு அறிவித்துவிட்டால் சங்கடம் குறையும்.

எத்தனை மணி நேரம் போதும் என்று நிர்வாகம் கேட்கலாம். அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்து, கடுமையான தர அளவுகோல்களுக்கு உட்பட்ட ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. அவற்றில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்த பயிற்சிகளே மாணவர் கற்றலில் நற்பலனைக் காட்டின. ஒன்பது ஆய்வுகளிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது என்றாலும், ஒரு நாள் பயிற்சியிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. அதே நேரத்தில், மணி நேரத்தைக் கூட்டினாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். டிஎன்டிபி என்ற அமெரிக்க அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்று பெரிய பள்ளி மாவட்டங்களில் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தொன்பது பள்ளி நாட்களுக்கு இணையான நேரத்தைப் பயிற்சிகளில் செலவிட்டும், பத்தில் மூன்று பேர் அளவே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள் என்று தெரியவந்தது. அந்த மணி நேரங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதே முக்கியம்.

என்ன நடக்க வேண்டும்? ஒரு சுற்றுக்கு இரண்டு கூட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் பத்து நிமிடம் விளக்கம், பத்து நிமிடம் செய்து காட்டல். காட்டுபவர் உங்கள் பள்ளி ஆசிரியராகவே இருப்பது நல்லது. பிறகு ஒவ்வொருவரும் வரும் வாரத்தில் தாம் நடத்தப் போகும் ஒரு பாடத்தை எடுத்து, எந்த இடத்தில் எந்தக் கேள்வியை எந்தச் சொற்களில் கேட்கப் போகிறோம் என்று எழுத வேண்டும். கடைசி இருபது நிமிடம் ஒத்திகை: இருவர் இருவராக எழுந்து நின்று, அந்தக் கேள்வியை உண்மையாகவே வாய்விட்டுக் கேட்டு, உண்மையாகவே காத்திருந்து, தவறான பதில் வந்தால் என்ன சொல்வோம் என்பதையும் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒத்திகையில் வயது வந்தவர்களுக்குக் கூச்சம் இருக்கும். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், தடுமாறினால் நிறுத்தி மறுபடி செய்யுங்கள். இரண்டாம் கூட்டத்துக்குள் கூச்சம் பெருமளவு போய்விடும். ஒத்திகையைக் கலந்துரையாடலாக மாற்றிவிட வேண்டும் என்ற கோரிக்கை நிச்சயம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். நீச்சலைப் பற்றிக் கரையில் நின்று எவ்வளவு பேசினாலும் கை கால் பழகுவதில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் வகுப்பறையில் முயற்சி. அதற்குள் ஒருமுறையாவது சக ஆசிரியர் ஒருவர் பதினைந்து நிமிடம் வந்து பார்க்க வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்கு எல்லோரும் பிள்ளைகள் எழுதிய பதில்களோடு வர வேண்டும். பேச்சு அந்தப் பதில்களைப் பற்றியே நடக்க வேண்டும். ‘நன்றாகப் போயிற்று’ என்பது போதாது. எந்தப் பிள்ளைகள் எழுதவில்லை, எந்தக் கேள்வி எல்லோரையும் ஒரே பதிலுக்குத் தள்ளியது, அடுத்தமுறை அந்தக் கேள்வியை எப்படி மாற்றுவது என்று போக வேண்டும். பிறகு அதே செயலைச் சற்று நுட்பமாக்கி அடுத்த சுற்று. ஓர் ஆண்டில் இப்படி ஆறேழு சுற்றுகள் போகலாம்.

இங்கிலாந்தின் கல்வி அறக்கட்டளை நிதியம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, பயனுள்ள பயிற்சிகளில் காணப்படும் பதினான்கு இயங்குமுறைகளை, அதாவது பயிற்சியைப் பலிக்கவைக்கும் கூறுகளை, நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறது: அறிவைக் கட்டுவது, ஊக்கம் தருவது, உத்திகளைப் பழக்குவது, நடைமுறையில் நிலைக்கவைப்பது. நான்கையும் தொடும் பயிற்சிகள் அதிகப் பலன் தர வாய்ப்புண்டு என்பது அதன் கருத்து. உங்கள் வரைவு தயாரானதும் இந்த நான்கையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். பெரும்பாலான பள்ளித் திட்டங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. நிலைக்கவைப்பதற்கு நினைவூட்டல்கள் வேண்டும், தன் முன்னேற்றத்தைத் தானே குறித்துக்கொள்ளும் வழக்கம் வேண்டும், அதே சூழலில் திரும்பச் செய்யும் வாய்ப்பு வேண்டும். இவை சிறியவை, செலவும் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் இவற்றைத் திட்டத்தில் எழுதிவைக்காவிட்டால் நடப்பதில்லை.

நேரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எதையும் எடுத்துவிடாமல் இதைச் சேர்த்தால் இது சுமைதான். ஆசிரியர்கள் அப்படிச் சொன்னால் அவர்கள் சொல்வது நியாயம். இந்த ஆண்டு எதை நிறுத்தப் போகிறோம் என்பதையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பணியாளர் கூட்டத்தில் வாசிக்கப்படும் அறிவிப்புகளைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிடலாம். யாரும் படித்துப் பார்க்காத நீண்ட பாடக் குறிப்புகளுக்குப் பதிலாக அந்த வாரத்தின் ஏன்-கேள்விகள் அடங்கிய ஒரு பக்கம் போதும் என்று அறிவிக்கலாம். கால அட்டவணை போடும்போதே ஒரே பாட ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒன்றாக ஓய்வு கிடைக்கும்படி அமையுங்கள். அட்டவணை முடிந்த பிறகு அந்தப் பாடவேளையை உருவாக்குவது ஏறக்குறைய இயலாத காரியம். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்புவதற்கு அந்தப் பாடவேளையைத் தொடக் கூடாது என்பதையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே உறுதியாகப் பேசிக்கொள்ளுங்கள். முதல் மாதத்திலேயே அது தொடப்படும், தொடப்பட்டால் திட்டம் அங்கேயே தளரும்.

சக ஆசிரியர் வகுப்புக்கு வருவது பற்றிப் பலருக்கு அச்சம் இருக்கும். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான பள்ளிகளில் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்வது மதிப்பிடுவதற்காகத்தான். ஆகவே இந்த வருகைகளின் குறிப்பு பணிப்பதிவுக்குப் போகாது, ஊதிய உயர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தலைமையாசிரியர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அதைக் காப்பாற்றவும் வேண்டும். வருபவர் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். பார்த்தபின் ஒன்றை மட்டும் பேச வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் பாட ஆய்வு முறையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அங்கே ஒரு பாடத்தை ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பாடம் எல்லோருக்கும் உரியது என்பதால், அது பிசகினால் நடத்தியவரை யாரும் குறைசொல்வதில்லை, பாடத்தைத் திருத்துகிறார்கள். உங்கள் பதினைந்து நிமிட வருகையிலும் பார்ப்பவரின் கண் ஆசிரியர் மீது இல்லாமல் பிள்ளைகளின் நோட்டுகள் மீது இருக்கட்டும்.

பின்னூட்டம் தருவதும் பழக வேண்டிய ஒரு திறன். மேத்யூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட மீளாய்வில், ஆசிரியருக்குத் தனித்தனியே வழிகாட்டும் திட்டங்கள் பற்றிய அறுபது ஆய்வுகளைத் தொகுத்தபோது, கற்பித்தல் தெளிவாக மேம்படுவதைக் கண்டார்கள். ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாக அந்தப் பலன் குறைந்தது. பலருக்கு விரிக்கும்போது வழிகாட்டுபவர்களின் தரத்தைக் காப்பது கடினம். ஆகவே எழுபது பேரோடும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு மாதங்கள் பாட ஒருங்கிணைப்பாளர்களும், விருப்பத்தோடு முன்வரும் சிலரும் மட்டும் சுற்றுகளை நடத்தட்டும். எங்கே தடுக்குகிறது என்பது அவர்களிடம் தெரிந்துவிடும். பிறகு அவர்களே மற்றவர்களுக்கு வழிகாட்டுவார்கள்.

மூத்த ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முகம் சுளிப்பவர்களை மனம் மாற்றிவிட்டுப் பிறகு செயலில் இறக்கலாம் என்று நினைத்துச் சொற்பொழிவுகளில் காலம் கழிக்க வேண்டாம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் முன்வைத்த கருத்து இங்கே மிகவும் உதவும்: ஆசிரியரின் நம்பிக்கை முதலில் மாறி, அதனால் செயல் மாறுவதில்லை; புதிய செயலால் தம் மாணவர்களிடம் மாற்றத்தைக் கண்ணால் கண்ட பிறகே நம்பிக்கை மாறுகிறது. ஆகவே அவர்களிடம் நம்பச் சொல்லாதீர்கள். தமக்குப் பிடித்த ஒரு வகுப்பை அவர்களே தேர்ந்தெடுத்து, மூன்று வாரம் செய்து பார்த்து, பிள்ளைகளின் நோட்டுகளோடு வரச் சொல்லுங்கள். பயனில்லை என்று அவர்கள் சொன்னால் அந்த நோட்டுகளை வைத்தே பேசலாம்.

அவர்களுடைய தயக்கத்தில் அனுபவ நியாயம் இருப்பதையும் மறக்க வேண்டாம். இருபது ஆண்டுகளில் எத்தனையோ திட்டங்கள் ஆரவாரத்தோடு வந்து, அடுத்த ஆண்டு பெயர்கூட இல்லாமல் போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இதுவும் போய்விடும் என்று அவர்கள் நினைப்பது தவறான கணிப்பு அன்று. அதைப் பொய்யாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. இன்னொரு பக்கம், நீங்கள் கற்பிக்க விரும்புவதை ஏற்கெனவே மிக நன்றாகச் செய்பவர்கள் அந்த மூத்தவர்களிலேயே இருக்கக்கூடும். செய்து காட்டும் பத்து நிமிடத்துக்கு அவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பல ஆண்டுகள் யாரும் பாராட்டாத ஒரு திறமையைப் பள்ளி முழுவதும் பார்க்க விரும்புகிறது என்பது ஒருவருக்கு மிகப் பெரிய மரியாதை.

பணி அனுபவம் முதல் சில ஆண்டுகளுக்குப் பிறகு பயன் தருவதில்லை என்று சிலர் சொல்வதுண்டு. கிராஃப்டும் ஜான் பாபேயும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதை அப்படியே ஏற்கவில்லை. சக ஆசிரியர்களின் ஒத்துழைப்பும் நல்ல தலைமையும் உள்ள பள்ளிகளில் வேலை செய்பவர்கள், அவை குறைவாக உள்ள பள்ளிகளில் இருப்பவர்களைவிடப் பத்தாண்டுகளில் 38 விழுக்காடு அதிகமாக முன்னேறினார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். எந்தப் பள்ளியில் வேலை செய்கிறோம் என்பது ஓர் ஆசிரியர் எவ்வளவு வளர்வார் என்பதைப் பாதிக்கிறது. இந்த எண்ணை நிர்வாகக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

தலைமையாசிரியரின் பங்கும் இங்கேதான் வருகிறது. வரவேற்புரை ஆற்றிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடும் தலைவர், இது தமக்குரியது அன்று என்று எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறார். விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட மீளாய்வில், பள்ளித் தலைவர்கள் செய்யும் பல்வேறு பணிகளுள் மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு காட்டியது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பது. உங்கள் தலைமையாசிரியர் வாரம் ஒரு பாடவேளையாவது எடுக்கிறார் என்றால், முதல் சுற்றிலேயே அவருடைய வகுப்புக்கு யாராவது வந்து பார்க்கட்டும்.

ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கு வருகிறேன். அனைவருக்கும் பயிற்சி என்றால் அனைவரையும் ஒரே அரங்கில் உட்காரவைப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். அலுவலகப் பணியாளரை ஏன்-கேள்வி பற்றிய கூட்டத்தில் உட்காரவைப்பது அவருடைய நேரத்தையும் மரியாதையையும் வீணாக்குவது. அவருடைய வேலையில் எது தடுக்குகிறது என்று அவரிடமே கேட்டு, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். தொடக்க வகுப்புகளில் உதவி ஆசிரியர்கள் இருந்தால் அவர்கள் கட்டாயம் ஆசிரியரோடு சேர்ந்தே கற்க வேண்டும். சிறு குழுக்களோடு நாள் முழுவதும் உட்கார்ந்து கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தாம், பிள்ளை தடுமாறுவதைக் காணப் பொறுக்காமல் பதிலைச் சொல்லிவிடும் நல்ல மனமும் அவர்களுக்கு அதிகம். ஆய்வக உதவியாளரும் நூலகரும் தமக்கு நெருக்கமான பாடக் குழுவில் சேரலாம். முதலுதவி, குழந்தைப் பாதுகாப்பு, தீத்தடுப்பு போன்றவை எல்லோருக்கும் கட்டாயம். அவற்றை ஆண்டின் தொடக்கத்தில் சுருக்கமாக முடித்துவிடுங்கள். அவற்றைக் கற்பித்தல் மேம்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு வகுப்பை ஒழுங்குபடுத்துவதில் தனித் துணை தேவைப்படும். அது அமையும்வரை மற்ற எதிர்பார்ப்புகளைத் தளர்த்துங்கள்.

பலனை அறிவது எப்படி என்ற கேள்விக்கும் கஸ்கியே வழிகாட்டுகிறார். 2000ஆம் ஆண்டில் அவர் ஐந்து படிநிலைகளைப் பிரித்துக் காட்டினார்: பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, அவர்கள் கற்றார்களா, பள்ளி அதற்கு ஆதரவாக மாறியதா, கற்றதைப் பயன்படுத்துகிறார்களா, மாணவர்கள் பயனடைந்தார்களா. உங்கள் கருத்துப் படிவம் முதல் படியை மட்டும் தொடுகிறது. திட்டமிடும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும் என்பது அவருடைய அறிவுரை; நோட்டுப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொன்னதும் அதனால்தான். தொடக்கத்தில் எடுத்த அதே வகுப்புகளின் நோட்டுகளை ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் அதே முறையில் எடுத்து, எத்தனை பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில் காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எது எந்தக் காலத்து நோட்டு என்று தெரியாமல் இருவர் தனித்தனியே எண்ணினால் இன்னும் நம்பகமாக இருக்கும். வருகைக் குறிப்புகளையும் பெயரில்லாமல் தொகுக்கலாம்: இந்த மாதம் இருபது வருகைகளில் எத்தனையில் எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள்? இரண்டாம் மாத முடிவில் அந்த எண் உயரவில்லையென்றால் ஆசிரியர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். சுற்றில் எந்தப் பகுதி நடக்கவில்லை என்று பாருங்கள்; பெரும்பாலும் ஒத்திகையோ வருகையோ விட்டுப்போயிருக்கும். தேர்வு மதிப்பெண் உயர்ந்ததா என்று முதல் பருவத்திலேயே பார்ப்பது அவசரம். மதிப்பெண்ணைப் பல காரணங்கள் ஏற்றி இறக்கும். அதை வைத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ அறிவித்துவிட்டால், பிறகு உண்மையான பலன் வரும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கடைசியாக, முதல் நாளுக்கு அழைக்கப்பட்டிருக்கும் பேச்சாளர். வெளியிலிருந்து வருபவர்களால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குள் இல்லாத அறிவு வேண்டியபோது அவர்கள் தேவை. செயற்கை நுண்ணறிவு பற்றித் தெரிந்துகொள்ள ஆசிரியர்கள் விரும்புவதும் இயல்பே. ஆனால் ஆண்டின் முதல் நாளில் ஆறு மணி நேரத்தை அதற்குக் கொடுத்துவிட்டால், இந்த ஆண்டு எதைப் பற்றியது என்ற செய்தி அங்கேயே மாறிவிடும். நிர்வாகத்திடம் பேசி அந்த உரையைக் காலையில் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்க முடியுமா என்று பாருங்கள். பேச்சாளருக்கு இப்போதே எழுதி, உங்கள் ஆசிரியர்கள் தயாரித்த ஏன்-கேள்விகள் பத்தை அனுப்பி, ஒரு கருவியைக் கொண்டு அவற்றை எப்படிக் கூர்மைப்படுத்தலாம், அந்தக் கருவி எங்கே தவறான அல்லது மேலோட்டமான கேள்வியைத் தருகிறது என்பதைக் காட்டும்படி கேளுங்கள். மூன்றாம் மாதத்தில் இணையவழியாகவேனும் ஒரு மணி நேரம் திரும்பி வந்து, அதற்குள் ஆசிரியர்கள் முயன்றதைப் பார்த்துப் பேச இயலுமா என்றும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்று, மீதமுள்ள நேரத்தில் நோட்டுப் புத்தகங்களை மேசையில் பரப்பிவிடுங்கள். இயலாது என்றால், அந்த உரையை விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்து கேட்கும் ஒரு மாலை நிகழ்ச்சியாக வேறொரு நாளுக்கு மாற்றும்படி நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். நோட்டுகளிலிருந்து நீங்கள் கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி அந்தக் கோரிக்கையோடு இணைத்தால், அவர்கள் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.